நிலத்தை அளந்த சங்கிலி



நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். எண்களும் எழுதக் கற்றுக்கொண்டீர்கள். கைநாட்டு வைத்த இடத்தில் இப்போது கையெழுத்துப் போடுகிறீர்கள். இந்தப் படிப்பை எங்கே பயன்படுத்துவது? நம் நிலத்துக் காகிதத்தில் பயன்படுத்தலாம்.

உங்களிடம் ஒரு துண்டு நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எங்கே ஆரம்பிக்கிறது? எங்கே முடிகிறது? "அந்தப் புளியமரம் வரைக்கும் நம்முடையது" என்பார் தாத்தா. "இல்லை, அந்த மரமும் எங்களுடையது" என்பார் பக்கத்து நிலத்துக்காரர். மரம் பேசாது. யார் சொல்வது சரி?

இதற்குப் பதில் சொல்ல ஒரு சங்கிலி வந்தது. அந்தச் சங்கிலியின் கதையைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம். நம் சித்தூர், திருப்பதி பக்கத்துக் கதையும் வரும். கடல் தாண்டி அமெரிக்காவின் கதையும் வரும்.

மரமும் ஓடையும் எல்லை

பழைய காலத்தில் அரசர்கள் நிலத்தைத் தானமாகக் கொடுத்தார்கள். கோயிலுக்குக் கொடுத்தார்கள். படித்தவர்களுக்குக் கொடுத்தார்கள். போரில் உயிர்விட்ட வீரனின் குடும்பத்துக்கும் கொடுத்தார்கள். ஏரியைக் காத்தவருக்கும், ஊருக்கு வேலை செய்த தச்சர், கொல்லர், வெட்டியாருக்கும் நிலம் விட்டார்கள். இப்படிக் கொடுத்த நிலத்துக்கு மானியம், இனாம் என்று பெயர். இன்றும் நம் பக்கத்தில் "அது மானிய நிலம்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

திருமலைக் கோயில் சுவர்களில் நிறையக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பழைய கல்வெட்டுகளில் பல தமிழில் உள்ளன. சாமவை என்ற பல்லவ அரசி அந்தக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனி ஒன்றைக் கொடுத்தார். அத்துடன் நிலமும் கொடுத்தார். இது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பெண் ஒருவர் கொடுத்த நிலம். அதைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏன் கல்லில் எழுதினார்கள்? வாய்ச்சொல் காற்றோடு போகும். கல் நிற்கும். எழுதி வைத்ததுதான் சாட்சி. இது அன்றைக்கே நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாளில் எல்லையை எப்படிச் சொன்னார்கள்? கிழக்கே இந்த ஓடை, தெற்கே அந்த ஏரிக்கரை, மேற்கே ஆலமரம், வடக்கே வண்டிப்பாதை என்று சொன்னார்கள். நான்கு பக்கமும் சொன்னால் போதும் என்று நினைத்தார்கள். ஆனால் ஓடை திசை மாறும். மரம் விழும். பாதை நகரும். அப்போது சண்டை வரும்.

கோலும் சங்கிலியும்

நிலத்தை அளக்கும் வேலையும் பழையதுதான். சோழ அரசர் ராஜராஜன் சுமார் 1001-ஆம் ஆண்டில் தன் நாட்டு நிலங்களை அளக்கச் செய்தார். கோல் வைத்து அளந்தார்கள். 16 சாண் நீளக் கோல் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆனால் ஊருக்கு ஊர் கோல் மாறியது. யார் கை சாண் என்று கேள்வி வந்தது. உயரமானவர் கைக்கு ஒரு அளவு. குட்டையானவர் கைக்கு ஒரு அளவு.

இங்கிலாந்தில் எட்மண்ட் கன்ட்டர் என்ற கணக்கு ஆசிரியர் இருந்தார். 1620 வாக்கில் அவர் ஒரு சங்கிலியைச் செய்தார். இரும்புக் கம்பிகளைக் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி அது.

அதன் நீளம் 66 அடி.
அதில் 100 கண்ணிகள்.
ஒரு கண்ணிக்கு ஒரு லிங்க் என்று பெயர்.
ஒரு லிங்க் என்பது சுமார் 8 அங்குலம்.

நம் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள் அல்லவா? ஒரு பக்க ஸ்டம்பில் இருந்து மறுபக்க ஸ்டம்பு வரை 66 அடி. அதாவது சரியாக ஒரு சங்கிலி.

ஏன் 66 அடி? ஏன் 50 இல்லை, 100 இல்லை? அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் உள்ள நிலத்தை ஒரு சதுரச் சங்கிலி என்பார்கள். அப்படிப் பத்து சேர்ந்தால் சரியாக ஒரு ஏக்கர். கணக்கு மிச்சம் இல்லாமல் வரும். இப்படிப் பாருங்கள்.

1 சதுரச் சங்கிலி = 10 சென்ட்
10 சதுரச் சங்கிலி = 1 ஏக்கர்
1 ஏக்கர் = 100 சென்ட்
1 சென்ட் = 435.6 சதுர அடி

சங்கிலியைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். முன்னே ஒருவர் போவார். பின்னே ஒருவர் வருவார். ஒவ்வொரு சங்கிலி முடியும் இடத்திலும் முன்னவர் ஓர் இரும்புக் குச்சி நடுவார். பின்னவர் அதைப் பிடுங்கி எடுத்து வருவார். கடைசியில் கையில் எத்தனை குச்சி என்று எண்ணினால் எத்தனை சங்கிலி என்று தெரியும். படிக்காதவர் கூட இந்த எண்ணிக்கையைச் செய்யலாம்.

அமெரிக்காவில் அதே சங்கிலி

இந்தச் சங்கிலி கப்பல் ஏறி அமெரிக்கா போனது. அங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள் முதலில் நம்மைப் போலவே மரத்தையும் பாறையையும் ஓடையையும் எல்லையாக எழுதினார்கள். அங்கேயும் மரம் விழுந்தது. சண்டை வந்தது. வழக்கு வந்தது.

ஜார்ஜ் வாஷிங்டன் என்பவர் 17 வயதில் அங்கே நில அளவையாளர் ஆனார். 1749-இல் அந்த வேலை கிடைத்தது. காட்டில் அலைந்து நிலம் அளந்தார். பிற்காலத்தில் அவர்தான் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர்.

1785-இல் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது. இனி மரத்தை நம்ப வேண்டாம், நிலத்தைச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டுப் பிரிப்போம் என்றது. 6 மைல் நீளம், 6 மைல் அகலம் ஒரு பெரிய சதுரம். அதற்குள் 36 சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 16-ஆம் எண் சதுரத்தை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். நிலம் பிரிக்கும்போதே படிப்பை நினைத்தார்கள். இது நல்ல விஷயம்.

1862-இல் இன்னொரு சட்டம் வந்தது. நிலம் வேண்டும் என்பவர் மனு கொடுக்கலாம். 160 ஏக்கர் கிடைக்கும். 5 ஆண்டுகள் அங்கேயே குடியிருக்க வேண்டும். பயிர் வைக்க வேண்டும். அப்போது நிலம் அவருக்குச் சொந்தம். இந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஆபிரகாம் லிங்கன். அவரும் இளம் வயதில் நிலம் அளக்கும் வேலை செய்தவர்தான்.

ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த நிலமெல்லாம் யாருடையது? அங்கே காலம் காலமாகப் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். வேட்டையாடினார்கள். பயிர் செய்தார்கள். அவர்களிடம் பத்திரம் இல்லை, பட்டா இல்லை. சங்கிலி வந்தது. அவர்கள் துரத்தப்பட்டார்கள். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பு மக்களுக்கு 1865-இல் 40 ஏக்கர் வரை தருவதாக ஒரு படைத் தளபதி ஆணை போட்டார். அதே ஆண்டிலேயே அந்த நிலத்தைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே சங்கிலி நியாயமும் செய்யும், அநியாயமும் செய்யும். யார் கையில் இருக்கிறது, யார் பெயரை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நம் பக்கம் அளந்த கதை

1800-இல் கடப்பைப் பக்கத்து நிலங்கள் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தன. மதனப்பள்ளி, வாயல்பாடு எல்லாம் அதில் சேர்ந்தவை. 1801-இல் ஆற்காட்டு நவாபிடம் இருந்து சித்தூர்ப் பக்கமும் கம்பெனிக்குப் போனது. கம்பெனிக்கு வரி வேண்டும். வரி போட நிலத்தின் அளவு தெரிய வேண்டும். அதனால் அளந்தார்கள். நமக்கு நல்லது செய்ய வந்த அளவை இல்லை அது.

கடப்பைப் பக்கத்தில் தாமஸ் மன்றோ என்ற கலெக்டர் 1800 முதல் 1807 வரை இருந்தார். வயல் வயலாக அளக்கச் செய்தார். அவருடைய ஆட்கள் பிடித்தது 33 அடிச் சங்கிலி, அதாவது பாதிச் சங்கிலி. 33 அடிக்கு 33 அடி நிலத்துக்குக் குண்டா என்று பெயர். 40 குண்டா ஓர் ஏக்கர். கர்நாடகப் பக்கம் போனால் இன்றும் குண்டா கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு குண்டாவுக்கு இரண்டரை சென்ட்.

ஜமீன்தாருக்கு இல்லாமல் பயிர் செய்கிறவருடைய பெயரிலேயே பட்டா எழுதும் முறையும் மன்றோவால் பரவியது. அதற்கு ரயத்துவாரி என்று பெயர். ரயத்து என்றால் குடியானவர்.

அதே காலத்தில் சென்னையில் வேறோர் அளவை தொடங்கியது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்பவர் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளந்தார். அந்தக் கோட்டில் இருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் அளந்து போனார்கள். மலை உச்சியிலும் கோபுரத்திலும் ஏறிக் கோணம் பார்த்தார்கள். அதற்குத் தியோடலைட் என்ற பெரிய கருவி இருந்தது. பழுதான கருவிகளைச் சரி செய்ய ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேன் என்பவர் வந்தார். நகைக்கடையில் வேலை பார்த்தவர். அளவைத் துறையின் கருவி வல்லுநராகவே உயர்ந்தார். நம் ஊர்க் கைத்திறன் எங்கே போய் நின்றது பாருங்கள்.

1858-இல் சென்னை மாகாணத்தில் அளவைக்கும் வரித்திட்டத்துக்கும் தனி இலாகா ஏற்படுத்தினார்கள். அதன் பிறகு ஊர் ஊராக வந்தார்கள். ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அதுதான் சர்வே நம்பர். மூலைகளில் கல் நட்டார்கள். ஒவ்வொரு புலத்துக்கும் படம் வரைந்தார்கள்.

இங்கே அமெரிக்காவைப் போல் சதுரம் போட முடியவில்லை. ஏன்? அங்கே முதலில் கோடு போட்டார்கள். பிறகு ஆட்களைக் குடியேற்றினார்கள். இங்கே ஆயிரம் ஆண்டுகளாக ஆட்கள் உழுதுகொண்டு இருந்தார்கள். ஏரி இருந்தது. குன்று இருந்தது. வரப்பு வளைந்து வளைந்து போனது. அதனால் இருக்கும் வரப்பை அப்படியே அளந்து எழுதினார்கள். நம் புலப்படங்கள் கோணல் மாணலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கணக்குப் பெட்டி யார் வீட்டில்?

எல்லா ஊரும் ரயத்துவாரி இல்லை. கார்வேட்டிநகரம், காளஹஸ்தி, புங்கனூர் ஆகியவை ஜமீன்கள். அங்கே குடியானவர்கள் ஜமீன்தாருக்கு வரி கட்டினார்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்படி பயிர் செய்தவர்களுக்குப் பட்டா கொடுக்க வழி பிறந்தது. 1956-இல் ஆந்திராவில் இனாம் ஒழிப்புச் சட்டமும் வந்தது.

ஊர்க் கணக்கு கரணத்தின் கையில் இருந்தது. அப்பாவுக்குப் பின் மகன் என்று பரம்பரையாக அந்த வேலை வந்தது. அடங்கல் புத்தகம் அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். அதில் யார் பெயர் என்று கேட்கவே ஏழைகள் பயந்தார்கள். கேட்டாலும் படிக்கத் தெரியாது. 1984-இல் ஆந்திர அரசு இந்தப் பரம்பரை வேலைகளை ஒழித்தது.

நம் பக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1911-இல் வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களில் இருந்து பகுதிகளை எடுத்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1953-இல் ஆந்திர மாநிலம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியது. திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. இதனால் சிலர் வீட்டில் தாத்தாவின் பத்திரம் தமிழில் இருக்கும். பேரனின் பாஸ்புத்தகம் தெலுங்கில் இருக்கும்.

"எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். தெலுங்குக் காகிதத்தை எப்படிப் படிப்பேன்?" என்று கேட்பீர்கள். பயப்பட வேண்டாம். எழுத்து வேறாக இருந்தாலும் எண் ஒன்றுதான். சர்வே நம்பரும் பரப்பும் 1, 2, 3 என்றே அச்சாகி இருக்கும். எண் தெரிந்தவர் பாதிக் காகிதத்தைப் படித்துவிடலாம். உங்கள் பெயர் தெலுங்கில் எப்படி இருக்கும் என்று மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கேட்டால் அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுக்கும்.

தர்காஸ்து பட்டா

நிலம் இல்லாத ஏழைகளுக்கு அரசு புறம்போக்கு நிலத்தைக் கொடுக்கிறது. மனு கொடுத்து வாங்குவதால் அதற்குத் தர்காஸ்து என்று பெயர். நம் பக்கத்தில் டி.கே.டி. பட்டா என்று சொல்வது இதைத்தான். நஞ்சை என்றால் இரண்டரை ஏக்கர், புஞ்சை என்றால் 5 ஏக்கர். அதற்கு மேல் நிலம் இல்லாதவர்தான் இங்கே நிலமற்ற ஏழை என்ற கணக்கில் வருவார்.

இந்த நிலத்தில் உழலாம், பயிர் வைக்கலாம். மாமரம் வைக்கலாம். அடமானம் வைத்து வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கடன் வாங்கலாம். நமக்குப் பின் நம் பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் விற்கக் கூடாது என்று 1977-இல் ஆந்திராவில் சட்டம் வந்தது. மீறி விற்றால் அந்த விற்பனை செல்லாது. வாங்கியவரிடம் இருந்து நிலத்தை மீட்டுப் பட்டாதாரருக்கே கொடுக்கவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு.

ஏன் இப்படிச் சட்டம் போட்டார்கள்? பிள்ளைக்கு நோய் வரும். பெண்ணுக்குக் கல்யாணம் வரும். மழை பொய்க்கும். அந்த நேரம் பார்த்து ஒருவர் வருவார். கொஞ்சம் பணம் கொடுத்துக் காகிதத்தில் கைநாட்டு வாங்குவார். நிலம் போய்விடும். ஏழை மறுபடியும் கூலி ஆகிவிடுவார். அதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம்.

2023-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பட்டா கொடுத்து 20 ஆண்டு ஆன நிலத்துக்கு முழு உரிமை கிடைக்க வழி செய்தார்கள். 2024-இல் அப்படி விடுவித்த நிலங்களில் முறைகேடு நடந்ததா என்று அரசு விசாரிக்கத் தொடங்கியது. பத்திரப் பதிவையும் நிறுத்தி வைத்தது. ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள். தர்காஸ்து நிலத்தைப் பற்றி யாராவது பேரம் பேசினால், தாசில்தார் அலுவலகத்தில் கேட்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்துக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு. ஆந்திராவில் 1985 முதல் திருமணம் ஆகாத மகள்களுக்கு இந்த உரிமை வந்தது. 2005-இல் நாடு முழுவதும், திருமணம் ஆன மகள்களுக்கும் வந்தது.

புள்ளியைக் கவனியுங்கள்

இப்போது உங்கள் பாஸ்புத்தகத்தை எடுங்கள். பட்டாதாரர் பெயர், சர்வே நம்பர், பரப்பு ஆகிய மூன்றையும் தேடுங்கள்.

சர்வே நம்பர் 112/2 என்று இருக்கலாம். 112 என்பது பெரிய புலம். அது பாகம் பிரிந்தபோது 1, 2, 3 என்று துண்டானது. உங்களுடையது இரண்டாவது துண்டு.

பரப்பு 2.35 என்று இருக்கலாம். புள்ளிக்கு முன்னால் இருப்பது ஏக்கர். பின்னால் இருப்பது சென்ட். அதாவது 2 ஏக்கர் 35 சென்ட்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கீழே உள்ள இரண்டையும் பாருங்கள்.

1.50
1.05

முதலாவது 1 ஏக்கர் 50 சென்ட். ஒன்றரை ஏக்கர். இரண்டாவது 1 ஏக்கர் 5 சென்ட். வித்தியாசம் 45 சென்ட். ஒரு சுழியம் இடம் மாறினால் கிட்டத்தட்ட அரை ஏக்கர் போய்விடும். 1.5 என்று எழுதினாலும் அது 1 ஏக்கர் 50 சென்ட்தான், 5 சென்ட் இல்லை.

சில காகிதங்களில் ஹெக்டேர் என்று இருக்கும். ஒரு ஹெக்டேர் சுமார் 2 ஏக்கர் 47 சென்ட். திருப்பதி போன்ற ஊர்களில் மனை விற்பவர்கள் கஜத்திலும் அங்கணத்திலும் பேசுவார்கள். ஒரு சென்ட் என்பது 48.4 சதுர கஜம். அங்கணம் ஊருக்கு ஊர் மாறும். "உங்கள் அங்கணம் எத்தனை சதுர அடி?" என்று கேட்ட பிறகே விலை பேசுங்கள்.

புலப்படம் பார்ப்பது எப்படி?

ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு படம் உண்டு. எஃப்.எம்.பி. என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பழைய படங்களில் அளவு லிங்க்கில் இருக்கும். வரப்புக் கோட்டுக்கு எஃப் கோடு என்று பெயர். புலத்தின் ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்கு ஒரு கோடு போகும். அதற்கு ஜி கோடு என்று பெயர். அந்தக் கோடு நிலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும். முக்கோணத்தை அளப்பது சுலபம்.

நீளத்தை உயரத்தால் பெருக்கு. பாதியாக்கு. அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஜி கோட்டின் நீளம் 500 லிங்க். அதில் இருந்து ஒரு பக்க மூலைக்குக் குறுக்களவு 200 லிங்க். மறுபக்க மூலைக்கு 160 லிங்க்.

500 × 200 = 1,00,000. அதில் பாதி 50,000.
500 × 160 = 80,000. அதில் பாதி 40,000.
மொத்தம் 90,000 சதுர லிங்க்.

1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். ஆகவே இந்த நிலம் 90 சென்ட். பாஸ்புத்தகத்தில் 0.90 என்று இருக்க வேண்டும். பார்த்தீர்களா? சர்வேயர் போடும் கணக்கு இதுதான். நம்மாலும் போட முடியும்.

வரப்பு நகர்ந்தால்

ஓர் ஊரில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேர்க்கடலை போடுகிறார். பக்கத்து நிலம் அவருக்குப் பெரியப்பா முறை ஆகிறவருடையது. ஆண்டுதோறும் ஏர் ஓட்டும்போது வரப்பில் ஒரு சாண் கரைகிறது. ஒரு சாண்தானே என்று அக்கா சும்மா இருந்தார். பத்து ஆண்டு ஆனது. பத்துச் சாண் என்றால் ஏழரை அடி. வரப்பின் நீளம் 330 அடி. பெருக்கிப் பாருங்கள். 2,475 சதுர அடி. ஐந்தரை சென்டுக்கு மேல் போய்விட்டது!

அக்கா என்ன செய்தார்? சண்டைக்குப் போகவில்லை. பேசிப் பார்த்தார்.

"பெரியப்பா, வரப்பு நம்ம பக்கம் தள்ளி வந்திருக்கு. கல்லைப் பார்த்து அளந்துக்கலாம் வாங்க."

"கல்லு எங்கம்மா இருக்கு? அதெல்லாம் எப்பவோ போச்சு."

"கல்லு போனாலும் படம் இருக்கு பெரியப்பா. சர்வேயரை வரவழைக்கிறேன். நீங்களும் கூட நில்லுங்க. உங்க நிலம் எங்கிட்ட வந்திருந்தா நான் விட்டுடறேன்."

"நீ படிச்சுட்டே. சரி, அளக்கட்டும். பார்க்கலாம்."

அக்கா எஃப்-லைன் மனு கொடுத்தார். எல்லை அளந்து காட்டக் கேட்கும் மனுவுக்கு நம் பக்கத்தில் இதுதான் பெயர். கிராமச் செயலகத்திலோ மீசேவை மையத்திலோ கொடுக்கலாம். கட்டணம் கட்ட வேண்டும். ரசீது வாங்க வேண்டும். அக்கம் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் வரும்.

அளக்கும் நாளில் செய்ய வேண்டியவை:

1. நேரில் போய் நில்லுங்கள். பெண்கள் "ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க" என்று வீட்டில் இருக்க வேண்டாம்.
2. சர்வேயர் எந்தக் கல்லில் இருந்து அளக்கத் தொடங்குகிறார் என்று கேளுங்கள். ஆரம்பம் தவறினால் எல்லாம் தவறும்.
3. அளவுகளை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.
4. வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள்.
5. அறிக்கை நகல் கேட்டு வாங்குங்கள். முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. நாளைத் தள்ளாதீர்கள்.

அரசு நட்ட சர்வே கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ குற்றம். கல் விழுந்து கிடந்தால் நீங்களே எடுத்து நடாதீர்கள். அலுவலகத்தில் சொல்லுங்கள்.

வானத்தில் இருந்து அளவை

2020 டிசம்பரில் ஆந்திர அரசு மறு அளவையைத் தொடங்கியது. இப்போது இரும்புச் சங்கிலி இல்லை. டிரோன் என்ற சிறு விமானம் மேலே பறந்து படம் எடுக்கிறது. ரோவர் என்ற கருவி செயற்கைக்கோளின் உதவியோடு மூலையைக் காட்டுகிறது. மறு அளவை முடிந்த ஊர்களில் சர்வே நம்பருக்குப் பதிலாக எல்.பி.எம். எண் என்ற புது எண் கொடுத்திருக்கிறார்கள்.

கருவி புதிது. ஆனால் பழைய பிரச்சினை போகவில்லை. பரப்பு குறைந்துவிட்டது, பெயர் மாறிவிட்டது என்று பல விவசாயிகள் மனு கொடுத்தார்கள். சங்கிலி ஆனாலும் டிரோன் ஆனாலும் கடைசியில் ஒரு மனிதர்தான் பெயரை எழுதுகிறார். அந்த எழுத்தைச் சரிபார்க்க வேண்டியவர் நிலத்துக்கு உரியவர். அதாவது நீங்கள்.

உங்கள் ஊரில் மறு அளவை நடந்திருந்தால் பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். பழைய பரப்பையும் புதுப் பரப்பையும் பக்கத்தில் எழுதுங்கள். குறைந்தால் உடனே கேளுங்கள். அடங்கலையும் 1-பி பதிவையும் மீ பூமி இணையதளத்தில் பார்க்கலாம். செல்போன் வைத்திருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை காட்டட்டும். எண்ணை நீங்கள் படியுங்கள்.

புதிய சொற்கள்

லிங்க்: சங்கிலியின் ஒரு கண்ணி. நூறு சேர்ந்தால் ஒரு சங்கிலி.
சர்வே நம்பர்: புலத்தின் எண்.
அடங்கல்: எந்த நிலத்தில் யார், என்ன பயிர் வைக்கிறார் என்ற பதிவு.
1-பி: ஒருவர் பெயரில் எந்தெந்த நிலம் இருக்கிறது என்ற பதிவு.
புறம்போக்கு: அரசு நிலம், ஊர்ப் பொது நிலம்.
தர்காஸ்து: மனு கொடுத்து அரசிடம் பெற்ற நிலம்.

பயிற்சி

1. ஒரு பாஸ்புத்தகத்தில் 3.08 என்று இருக்கிறது. எத்தனை ஏக்கர், எத்தனை சென்ட்?
2. ஜி கோடு 400 லிங்க். இரண்டு பக்கக் குறுக்களவும் 100 லிங்க். நிலம் எத்தனை சென்ட்?
3. 20 சென்ட் நிலம் எத்தனை சதுரச் சங்கிலி?
4. அமெரிக்காவில் நிலம் இழந்தவர்கள் யார்? ஏன் இழந்தார்கள்? வகுப்பில் பேசுங்கள்.
5. உங்கள் ஊரில் மானிய நிலம், தர்காஸ்து நிலம் எங்கே இருக்கிறது? பெரியவர்களைக் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.

விடைகள்: 1) 3 ஏக்கர் 8 சென்ட். 2) 40 சென்ட். 3) 2 சதுரச் சங்கிலி.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் வீட்டு நிலத்தின் சர்வே நம்பரையும் பரப்பையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். நிலம் இல்லாதவர்கள் வீட்டு மனையின் எண்ணை எழுதி வாருங்கள். மனையும் இல்லாதவர்கள் மனை கேட்டு ஒரு மனு எழுதி வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.